அம்மாவின் மோட்டர் சுவிட்சும் அலுமாரியில் கிடந்த ராஸ்பெரி பையும்

எங்கள் வீடு கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இருக்கிறது. கீழே அம்மாவும் நானும், மேலே இரண்டு மாடிகளில் வாடகைக்கு இரண்டு குடும்பங்கள். குழாய்த் தண்ணீர் நிலத்துக்குக் கீழே இருக்கும் சீமெந்துத் தாங்கியில் சேரும். அங்கிருந்து அரைக் குதிரைவலு மோட்டர் ஒன்று மொட்டைமாடியில் இருக்கும் 1000 லீற்றர் கறுப்புத் தாங்கிக்கு ஏற்றும். மோட்டர் சுவிட்ச் படிக்குக் கீழே, குனிந்து எட்டவேண்டிய மூலையில். இருபது வருடமாக அந்தச் சுவிட்ச் அம்மாவின் பொறுப்பு.

அம்மாவுக்கு இப்போது 71 வயது. முழங்கால் ஏலாது. விடிய ஐந்து மணிக்கு மோட்டரைப் போட்டுவிட்டுக் குசினியில் வேலையாகிவிடுவார். மேல்தாங்கி நிரம்பி வழிந்து பக்கத்து வீட்டு மதிலில் கொட்டும்போது அந்த வீட்டு அன்ரி "அக்கா, தண்ணி!" என்று கூப்பிடுவார். வழிவதுகூடப் பரவாயில்லை. கீழ்த்தாங்கி வற்றியது தெரியாமல் மோட்டர் வெறுமனே ஓடினால்தான் ஆபத்து. ஒரு தடவை அப்படி ஓடிச் சீல் எரிந்து போனது. மோட்டர் பாஸ் வந்து கழற்றிக்கொண்டு போனார். திருப்பிப் பூட்ட நாலு நாள். அந்த நாலு நாளும் வாளியில் தண்ணீர் தூக்கினோம். மேல்மாடியில் கைக்குழந்தையோடு இருந்தவர்களும் தூக்கினார்கள். நாலாவது நாள் இரவு அம்மா காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு இருந்ததைப் பார்த்தபோதுதான் இதற்கு ஏதாவது செய்யவேண்டும் என்று முடிவெடுத்தேன்.

கையில் இருந்தது ஒரு ராஸ்பெரி பை 3 மொடல் பி. 2017இல் லண்டனிலிருந்து வந்த அண்ணா கொண்டுவந்தது. அடையாள அட்டை அளவுப் பலகை, அதற்குள் முழுக் கணினி: நான்கு கோர் கொண்ட 1.2 கிகாஹேர்ட்ஸ் செயலி, 1 ஜீபீ நினைவகம், வைஃபை, ஓரத்தில் வெளிச் சாமான்களை இணைக்க 40 ஊசிகள். 2012 பெப்ரவரி 29ஆம் திகதி முதல் பை வெளிவந்தபோது அதன் விலை 35 டொலர். பிள்ளைகள் நிரல் எழுதிப் பழகவேண்டும் என்று கேம்பிரிட்ஜில் சிலர் யோசித்துச் செய்தது. எங்கள் வீட்டில் அது ஐந்து வருடம் துணி அலுமாரியில் கிடந்தது. நான் கணக்குப் பிரிவில் வேலை செய்பவள், மின்னியல் படித்ததில்லை. 2022இல் டொலர் சில மாதங்களில் 200 ரூபாயிலிருந்து 350ஐத் தாண்டியபோது புதிய பலகை வாங்கும் யோசனைக்கே இடமில்லை. உலகம் முழுவதும் அப்போது பைக்குத் தட்டுப்பாடு வேறு. ஆகவே இருப்பதை வைத்துச் செய்வோம் என்று தொடங்கினேன்.

ஆரம்பத்தில் நான் சாமான் சேர்த்த விதம் பிழை. பலகை இருக்கிறது, அதற்கு என்னென்ன பொருத்தலாம் என்று பார்த்து வாங்கினேன். முப்பத்தேழு சென்சர் உள்ள ஒரு பெட்டி. சின்னத் திரை ஒன்று. வெப்பநிலை, ஈரப்பதன் பார்க்கும் டீஎச்டீ 11. அவற்றில் பெரும்பாலானவை இன்றைக்கும் அந்தப் பெட்டியிலேயே இருக்கின்றன. தண்ணீர் வேலைக்கு ஒன்றும் உதவவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மேசையில் கொப்பி ஒன்றை விரித்து, சாமான்களை விட்டுவிட்டு, என்ன நடக்கவேண்டும் என்று மட்டும் எழுதினேன். மேல்தாங்கி குறைந்தால் மோட்டர் ஓடவேண்டும். நிரம்பினால் நிற்கவேண்டும். கீழ்த்தாங்கியில் தண்ணீர் இல்லாவிட்டால் எக்காரணம் கொண்டும் ஓடக்கூடாது. இரவு பத்திலிருந்து ஐந்து மணி வரை ஓடக்கூடாது, ஏனென்றால் மோட்டருக்கு நேர் மேலே முதலாம் மாடிப் பிள்ளையின் படுக்கையறை.

இவ்வளவையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "பிள்ளை, உந்தப் பெட்டி பழுதாப் போச்செண்டா நான் என்னெண்டு மோட்டரைப் போடுறது? நீ ஒபீசில எல்லே இருப்பாய்" என்றார்.

நான் அதுவரை யோசிக்காத கேள்வி அது. கொப்பியில் முதல் வரியாக அதைத்தான் எழுதினேன்: பெட்டி செத்தாலும் அம்மா கையால் மோட்டர் போடக்கூடியதாக இருக்கவேண்டும். அதற்குப் பிறகு வாங்கிய ஒவ்வொரு சாமானையும் அந்த வரியோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் வாங்கினேன். முதலில் வாங்கியது ஒரு மூன்று நிலைச் சுவிட்ச். இடப்பக்கம் திருப்பினால் கை, நடுவில் நிறுத்தம், வலப்பக்கம் தானாக. கைப் பக்கம் திருப்பினால் பைக்கும் மோட்டருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. பழைய சுவிட்ச் மாதிரியே வேலை செய்யும். அதைப் படிக்குக் கீழே வைக்காமல், அம்மா நிமிர்ந்து நின்று தொடக்கூடிய உயரத்தில் குசினிக் கதவோரம் வைத்தோம்.

மற்றச் சாமான்களுக்குப் புறக்கோட்டை. சனிக்கிழமை காலையில் வெள்ளவத்தை ஸ்டேசனில் ரயில் ஏறினால் கடலைப் பார்த்தபடியே கோட்டைக்குப் போய்விடலாம். அங்கிருந்து முதலாம் குறுக்குத் தெரு நடக்கும் தூரம்தான். இலத்திரனியல் உதிரிப்பாகக் கடைகள் வரிசையாக இருக்கும். ரெசிஸ்டர் பத்து, டயோட் ஐந்து என்று சில்லறையாகவும் தருவார்கள். இணையத்தில் ஓர்டர் செய்தாலும் வரும். ஆனால் கடையில் நின்று வேலையைச் சொல்லிக் கேட்டால் கிடைக்கும் புத்தி இணையத்தில் வராது. நான் ரிலே மொடியூல் ஒன்றை, அதாவது சின்னச் சிக்னலால் பெரிய கரண்டைப் போட்டு நிறுத்தும் சுவிட்சை, கையில் எடுத்து, இது 10 அம்பியர் தாங்கும் என்று எழுதியிருக்கிறதே, அரைக் குதிரைவலு மோட்டருக்குப் போதும்தானே என்று கேட்டேன். கடை நானா என்னைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தங்கச்சி, மோட்டர நேரா இந்த ரிலேக்குக் குடுத்தா ரெண்டு மாசத்துல பொயின்ட் ஒட்டிக்கும். ஒட்டினா பொறகு நிக்காது. கொன்டாக்டர் ஒண்டு போடுங்க."

வீட்டுக்கு வந்து வாசித்தபோது அவர் சொன்னதன் காரணம் விளங்கியது. ரிலேயில் எழுதியிருக்கும் 10 அம்பியர் என்பது பல்ப், ஹீட்டர் போன்ற சுமைகளுக்கு. மோட்டர் ஓடும்போது மூன்று நாலு அம்பியர்தான் எடுக்கும். ஆனால் தொடங்கும் கணத்தில் அதைப் போல ஐந்து முதல் ஏழு மடங்கு இழுக்கும். நிற்கும்போது சுருளில் இருக்கும் சக்தி தீப்பொறியாகத் தொடுமுனையில் பாயும். அந்தப் பொறி முனைகளை உருக்கி ஒட்டவைக்கும். ஒட்டினால் நிரல் "நில்" என்று எத்தனை தடவை சொன்னாலும் மோட்டர் ஓடிக்கொண்டே இருக்கும். கொன்டாக்டர் என்பது இதற்கென்றே செய்த பெரிய ரிலே. ஆகவே பை சின்ன ரிலேயை இயக்கும், சின்ன ரிலே கொன்டாக்டரின் சுருளை இயக்கும், கொன்டாக்டர் மோட்டரை இயக்கும். கூடவே மோட்டர் திணறினால் வெட்டிவிடும் ஓவர்லோட் ஒன்றும் அதே கடையில் வாங்கினேன். சென்சர் பெட்டியை வாங்கிய காசுக்கு இது இரண்டையும் முதலிலேயே வாங்கியிருக்கலாம்.

பையின் ஊசிகளுக்கும் எல்லை உண்டு என்பது புதிதாகத் தொடங்குபவர்கள் கட்டாயம் தெரிந்திருக்கவேண்டியது. அவை 3.3 வோல்ட்டில் வேலை செய்பவை. 5 வோல்ட்டை ஊசிக்குள் விட்டால் பலகை பழுதாகும். ஓர் ஊசி கொடுக்கக்கூடியது 16 மில்லி அம்பியர் அளவு. சின்ன ரிலேயின் சுருளுக்கே அதைவிடப் பல மடங்கு வேண்டும். அதனால்தான் ரிலேயைத் தனியாக வாங்காமல், டிரான்சிஸ்டரும் ஒப்டோகப்ளரும் சேர்ந்த மொடியூலாக வாங்குகிறோம். ஒப்டோகப்ளர் என்பது உள்ளே ஒரு சின்ன விளக்கின் ஒளியால் சிக்னலைக் கடத்தி, இரண்டு பக்கக் கரண்டையும் பிரித்து வைக்கும் சில்லு. அதிலும் நான் ஒரு சிக்கலில் மாட்டினேன். மொடியூலுக்கு 5 வோல்ட் கொடுத்து, பையிலிருந்து சிக்னல் கொடுத்தேன். ரிலே போட்டது, ஆனால் விடவில்லை. மொடியூல் 5 வோல்ட்டை எதிர்பார்க்க, பையின் 3.3 வோல்ட் அதற்குப் போதுமான உயரமாகப் படவில்லை. ஒப்டோவின் சின்ன விளக்கு மங்கலாக எரிந்துகொண்டே இருந்தது. மொடியூலில் ஜேடி வீசீசீ என்று ஒரு ஜம்பர், அதாவது இரண்டு ஊசிகளை இணைக்கும் சின்னத் துண்டு, இருக்கும். அதைக் கழற்றி, சுருளுக்கு 5 வோல்ட்டும் ஒப்டோவுக்கு 3.3 வோல்ட்டும் தனித்தனியாகக் கொடுத்ததும் சரியாகிவிட்டது.

அந்த ஜம்பர் எனக்கு இன்னொரு வழியையும் காட்டியது. சுருளுக்குப் போகும் 5 வோல்ட் இப்போது தனி வயர். அந்த வயரைக் கீழ்த்தாங்கியில் தொங்கும் மிதவைச் சுவிட்ச் வழியாகக் கொண்டுபோனேன். தண்ணீர் வற்றினால் மிதவை சாய்ந்து வயரை வெட்டும். சுருளுக்குக் கரண்ட் இல்லை. பை என்ன சொன்னாலும், என் நிரலில் என்ன பிழை இருந்தாலும், தானாக ஓடும்போது மோட்டர் வெறுமனே ஓடாது. நிரல் எழுதி முடித்த நாளைவிட இதைச் சோதித்துப் பார்த்த நாளில்தான் எனக்கு அதிக சந்தோசம். மிதவையைக் கையால் தூக்குவேன், "டக்" என்று ரிலே போடும். விடுவேன், விழும். அம்மாவும் வந்து இரண்டு தடவை தூக்கிப் பார்த்தார். கைப் பக்கம் திருப்பும்போது இந்தப் பாதுகாப்பு வேலை செய்யாது. அதனால் கீழ்த்தாங்கி வற்றினால் எரியும் சிவப்பு விளக்கு ஒன்றைச் சுவிட்சுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

மேல்தாங்கிக்கு முதலில் ஒலியலைச் சென்சர்தான் வாங்கினேன், தண்ணீர் படாத ஜேஎஸ்என் எஸ்ஆர் 04டீ. ஒலியை அனுப்பி, எதிரொலி திரும்பி வரும் நேரத்தைப் பார்த்துத் தண்ணீர் எவ்வளவு கீழே என்று சொல்லும். மைக்ரோ செக்கனை 58ஆல் வகுத்தால் சென்ரிமீற்றர். வடிவான யோசனைதான். ஆனால் இந்த வகைச் சென்சருக்கு 20 சென்ரிமீற்றருக்குக் கிட்ட இருப்பது தெரியாது. தாங்கியின் மூடியில் நேராகப் பூட்டியிருந்தேன். தண்ணீர் நிரம்பி மூடிக்குக் கிட்ட வந்ததும், அதாவது மோட்டரை நிறுத்தவேண்டிய சரியான நேரத்தில், கணக்குக் குழம்பித் தாங்கி பாதி வெறுமை என்று சொன்னது. பக்கத்து வீட்டு அன்ரி மறுபடியும் கூப்பிட்டார்.

அதோடு முடிவெடுத்தேன்: தீர்மானம் எடுப்பது மிதவைச் சுவிட்ச், ஒலியலைச் சென்சர் பார்வைக்கு மட்டும். மேலே ஒரு மிதவை, கீழ்மட்டத்தில் ஒரு மிதவை. ஹாட்வெயார் கடையில் கிடைக்கும் சாதாரணச் சாமான், உள்ளே அசையும் தொடுமுனை ஒன்று மட்டும்தான். மொட்டைமாடியிலிருந்து பெட்டிக்கு 18 மீற்றர் நெட்வேர்க் கேபிள் இழுத்தேன். அவ்வளவு நீள வயரை நேராகப் பையின் ஊசியில் தொடுக்கக்கூடாது; மின்னல், மோட்டர் இரைச்சல் எல்லாம் அதில் ஏறும். 12 வோல்ட்டை மேலே அனுப்பி, திரும்பி வருவதை பீசீ 817 ஒப்டோகப்ளர் ஒன்றின் விளக்குக்குக் கொடுத்து, அதன் மறுபக்கத்தைத்தான் பைக்குக் கொடுத்திருக்கிறேன். சென்சரைப் பிறகு ஓர் அடி உயர்த்திப் பூட்டி, மொட்டைமாடியில் வைஃபை உள்ள சின்னக் கட்டுப்பாட்டுப் பலகையான ஈஎஸ்பி 32 ஒன்றோடு சேர்த்துவிட்டேன். அது வைஃபை வழியாக அளவை அனுப்புகிறது.

இந்த இடத்தில் ஒன்று சொல்லவேண்டும். தாங்கி ஒன்று, மோட்டர் ஒன்று, அவ்வளவுதான் தேவை என்றால் பையே வேண்டாம். ஈஎஸ்பி 32 ஒன்று போதும். விலையும் குறைவு, கரண்ட் பட்டென்று போய் வந்தாலும் அதற்குக் கவலையில்லை. மூன்று வீட்டுத் தண்ணீர்ப் பதிவு, கைபேசிக்குச் செய்தி, பிறகு படிவிளக்கு, கேற் மணி என்று கூட்டிக்கொண்டே போக எண்ணம் இருந்ததால்தான் நான் பையை வைத்துக்கொண்டேன். புதிதாக வாங்குபவர்களுக்குப் பையின் சின்ன வகையான ஸீரோ 2 டபிள்யூ போதும் என்பது என் எண்ணம். பை 5 இந்த வேலைக்கு மிஞ்சியது. அதற்கு 5 அம்பியர் கொடுக்கும் அடப்டரைத்தான் சிபாரிசு செய்கிறார்கள்.

அடப்டர் என்றதும், நான் இழந்த நேரத்தில் பாதி அதனால்தான். பழைய கைபேசி சார்ஜர் ஒன்றைப் பாவித்தேன். 5 வோல்ட், 2 அம்பியர் என்று எழுதியிருந்தது. ஆனால் மெல்லிய கேபிளில் வோல்ட் இறங்கிவிடும். 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால் பை திரையில் மின்னல் அடையாளம் காட்டும். என் பைக்குத் திரையே இல்லாததால் அது காட்டியது எனக்குத் தெரியவில்லை. ரிலே போடும் நேரத்தில் மட்டும் தொங்கிப்போகும். மூன்று வார இறுதிகள் நிரலில் பிழை தேடினேன். கடைசியில் மல்டிமீற்றரைப் பலகையின் ஊசியிலேயே வைத்துப் பார்த்தபோது 4.5 காட்டியது. ஆகவே மல்டிமீற்றர் ஒன்றை எல்லாவற்றுக்கும் முதலே வாங்குங்கள். இப்போது 12 வோல்ட் ரவுட்டர் யூபீஎஸ் ஒன்றிலிருந்து, எல்எம் 2596 மொடியூல் வழியாக 5.1 வோல்ட்டுக்கு இறக்கிக் கொடுக்கிறேன். 2022 மார்ச் கடைசியில் 13 மணி நேரம் வரை கரண்ட் வெட்டிய நாட்களில் கொழும்பில் வீட்டுக்கு வீடு வாங்கிய அதே சின்ன யூபீஎஸ்தான். கரண்ட் இல்லாதபோது மோட்டர் எப்படியும் ஓடாது. யூபீஎஸ் பையின் எஸ்டி கார்டுக்காக. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் கார்டில் உள்ள கோப்புகள் சிதையும். எனக்கு இரண்டு கார்டுகள் அப்படிப் போயின.

மூன்றாவது கார்ட் வேறு கதை. 128 ஜீபீ என்று ஒரு கடையில் வாங்கியது. எப் 3 என்ற இலவச மென்பொருளால் முழுக்க எழுதித் திருப்பி வாசித்துப் பார்த்தபோது 8 ஜீபீக்கு மேல் எழுதியது எதுவும் திரும்பி வரவில்லை. 128 ஜீபீ தேவையே இல்லை, 32 போதும். கண்காணிப்புக் கமராக்களுக்கென்று விற்கும், அதிகம் எழுதித் தாங்கும் வகையாகப் பார்த்து, பில் தரும் கடையில் வாங்குங்கள். வாங்கியதும் சோதியுங்கள்.

மென்பொருள் எல்லாம் இலவசம், சேர்ப்பதும் சுலபம். ராஸ்பெரி பை ஓஎஸ், அதிலும் திரை இல்லாத லைட் வகை. டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டது. இமேஜர் என்ற கருவியில் கார்டுக்கு எழுதும்போதே பயனர் பெயர், வைஃபை, தூரத்திலிருந்து நுழையும் வழி எல்லாம் கொடுத்துவிடலாம். வீட்டுத் தானியக்கம் என்றால் எல்லோரும் சொல்வது ஹோம் அசிஸ்டன்ட். நல்ல மென்பொருள்தான், ஆனால் 1 ஜீபீ நினைவகத்தில் அது மூச்சு வாங்கியது. விட்டுவிட்டேன்.

நான் வைத்திருப்பது இரண்டு அடுக்கு. அடியில் ஒரு பைதன் நிரல், 120 வரி அளவு, பையின் ஊசிகளை இயக்க உதவும் ஜீபீஐஓ ஸீரோ நூலகத்தோடு. மோட்டரைப் போடுவதும் நிறுத்துவதும் அது மட்டும். அதற்கு இணையம் வேண்டாம், வைஃபை வேண்டாம். மேலே நோட் ரெட். பெட்டிகளைக் கோடுகளால் இணைத்து வேலை சொல்லும் கருவி, 2013இல் ஐபீஎம்மில் தொடங்கியது. நிலைமையை வலைப்பக்கமாகக் காட்டுவதும் டெலிகிராமில் செய்தி அனுப்புவதும் அதன் வேலை. அது நின்றுபோனாலும் தண்ணீர் ஏறும். இரண்டுக்கும் நடுவில் செய்தி கடத்துவது எம்கியூடீடீ. 1999இல் பாலைவனத்து எண்ணெய்க் குழாய்களைச் செய்மதி வழியாகக் கவனிக்க அன்டி ஸ்டான்போர்ட் கிளார்க்கும் ஆர்லன் நிப்பரும் செய்த முறை. செய்மதி இணைப்புக்குக் காசு அதிகம் என்பதால் சொற்களை மிகவும் சிக்கனமாக வைத்தார்கள். அதில் எனக்குப் பிடித்தது "கடைசி உயில்" என்ற வசதி. ஒரு சாதனம் இணையும்போதே, நான் திடீரென்று காணாமல் போனால் இந்தச் செய்தியைச் சொல் என்று நடுவில் நின்று செய்திகளைக் கடத்தும் மொஸ்கிட்டோ என்ற மென்பொருளிடம் கொடுத்து வைக்கும். மொட்டைமாடி ஈஎஸ்பி 32 மழையில் நனைந்து நின்றுபோன அன்று, அதன் உயில்தான் ஒபீசில் இருந்த எனக்கு வந்து சேர்ந்தது.

நிரலில் ஒரேயொரு எண்ணைப் பற்றிச் சொல்கிறேன். மேல்தாங்கி பாதியிலிருந்து நிரம்ப 17 நிமிடம் எடுத்தது. அதாவது நிமிடத்துக்கு 29 லீற்றர் அளவு. கீழ் மிதவை இருக்கும் மட்டத்திலிருந்து 700 லீற்றர் ஏறவேண்டும், 24 நிமிடம். ஆகவே 30 நிமிடத்துக்கு மேல் மோட்டர் ஓடினால் எங்கோ பிழை: மிதவை சிக்கியிருக்கலாம், குழாய் வெடித்திருக்கலாம், மேல்மாடியில் யாரோ குழாயைத் திறந்துவிட்டுப் போயிருக்கலாம். நிரல் நிறுத்திவிட்டுச் செய்தி அனுப்பும், ஆள் வந்து பார்க்கும் வரை திருப்பிப் போடாது. நிரல் விழுந்தால் லினக்ஸில் நிரல்களைக் கவனிக்கும் சிஸ்டம்டீ எழுப்பும். முழுப் பையும் உறைந்தால் அதன் உள்ளேயே இருக்கும் வோச்டோக் என்ற காவல் சுற்று 15 செக்கனில் திருப்பித் தொடக்கும்.

இவ்வளவும் செய்த பிறகும் ஒரு சாமான் விட்டுப்போனது 2025 பெப்ரவரி 9ஆம் திகதிதான் தெரிந்தது. நாடு முழுவதும் கரண்ட் நின்ற ஞாயிற்றுக்கிழமை. பதினொன்றரை மணியளவில் போனது, யூபீஎஸ் இரண்டு மணி நேரத்தில் முடிந்தது, எங்கள் ஒழுங்கைக்கு மாலையில்தான் வந்தது. வந்ததும் பை எழும்பியது. பை 3இல் மணிக்கூடு இல்லை. நேரத்தை இணையத்தில் கேட்டுத்தான் தெரிந்துகொள்ளும். இணையம் அன்றிரவு வரவேயில்லை. கடைசியாகக் குறித்து வைத்த நேரத்திலிருந்து, அதாவது மத்தியானத்திலிருந்து, அது எண்ணிக்கொண்டு போனது. இரவு பதினொரு மணிக்கு, மாலைநேரம் என்று நினைத்துக்கொண்டு, மோட்டரைப் போட்டது. மேலே பிள்ளை அழும் சத்தம் கேட்டது. நான் ஓடிப்போய்ச் சுவிட்சை நடுவுக்குத் திருப்பினேன்.

அடுத்த சனிக்கிழமை வாங்கியது டீஎஸ் 3231, பற்றரியோடு இருக்கும் மணிக்கூட்டு மொடியூல். நான்கு வயர்தான். ஒன்று கவனியுங்கள்: நான் வாங்கியது போன்ற மொடியூல்களில் பற்றரிக்குச் சார்ஜ் ஏற்றும் பாதை ஒன்று இருக்கும், சாதாரண சீஆர் 2032 சார்ஜ் ஏற்றும் வகை அல்ல. அந்தப் பாதையில் இருக்கும் ரெசிஸ்டரைக் கழற்றிவிட்டுத்தான் பூட்டினேன்.

கடைசியாகப் பெட்டி. கடல் எங்கள் வீட்டிலிருந்து 200 மீற்றர்தான். உப்புக் காற்று ஜன்னல் கம்பியைத் தின்னும், பித்தளைப் பூட்டைத் தின்னும். முதல் வருடம் சும்மா செருகி வைத்திருந்த ஜம்பர் வயர்களின் நுனி எல்லாம் பச்சை பூத்துவிட்டது; தட்டினால் வேலை செய்யும், விட்டால் நிற்கும். இப்போது தண்ணீர் புகாத பிளாஸ்டிக் பெட்டி, வயர் நுழையும் இடமெல்லாம் ரப்பர் கிளாண்ட், உள்ளே எல்லா வயரும் ஸ்க்ரூ முனையில், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பக்கெற் இரண்டு. 230 வோல்ட் பக்கமும் பையின் பக்கமும் தனித்தனிப் பெட்டிகள். கரண்ட் பக்கத்து வேலையை நான் செய்யவில்லை. வயரிங் பாஸ் ஒருவரைக் கூப்பிட்டு, சிங்களத்தில் வரைபடத்தை விளக்கி, ட்ரிப் சுவிட்சுக்குப் பிறகே எல்லாம் வரும்படி செய்வித்தேன். கொன்டாக்டர் விடும்போதெல்லாம் பை திடுக்கிட்டுத் திருப்பித் தொடங்குவதை அவரிடம் சொன்னபோது, சுருளுக்குக் குறுக்கே ரெசிஸ்டரும் கப்பாசிட்டரும் சேர்ந்த ஒரு சின்னத் துண்டைப் போட்டுவிட்டார். அதோடு அது நின்றது.

பெட்டி மூடியின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். எந்த வயர் எங்கே போகிறது என்று தமிழிலும் சிங்களத்திலும், நான் இல்லாதபோது வரும் பாஸுக்காக. கார்டின் பிரதி ஒன்று அலுமாரியில், அம்மாவின் சேலைகளுக்கு நடுவில், உறையில் பெயர் எழுதி வைத்திருக்கிறது. மாதத்தில் ஒரு நாள், முதலாம் திகதி, அம்மா சுவிட்சைக் கைப் பக்கம் திருப்பிப் பத்து நிமிடம் மோட்டரை ஓட்டுகிறார். அது அவரே வைத்த ஒழுங்கு. ஓட்டிவிட்டு எனக்கு ஒபீசுக்குப் போன் எடுத்து, "வேலை செய்யுது பிள்ளை, திருப்பி விட்டிட்டன்" என்று சொல்வார்.

வருகிற சனிக்கிழமை மறுபடி புறக்கோட்டைக்குப் போகவேண்டும். கிளாண்ட் ஆறு, சிலிக்கா ஜெல் நாலு, மேல் மிதவைக்கு மாற்று ஒன்று. படிவிளக்குக்கு இன்னொரு ரிலேயும் வாங்குவேன். அதற்கும் கைச் சுவிட்ச் ஒன்று.